தேன்நிலவும் தேன்மதுவும்: பாபிலோன் மாமனார் கதைக்கு ஆதாரம் இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி

முகூர்த்த மாதம் பிறந்தால் போதும், அந்தத் தகவல் வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் பாபிலோனில் பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளைக்கு ஒரு மாதம் முழுக்கத் தேன்மது கொடுத்து உபசரிப்பாராம், அங்கே மாதத்தை நிலாவை வைத்துக் கணக்கிட்டதால் அதுவே தேன்நிலவு ஆகிவிட்டதாம். இப்போது எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்துவிட்டது.

தேன்மதுவுக்கும் கல்யாணத்துக்கும் நிஜமாகவே பழைய உறவு உண்டு. அது இந்தக் கதையைவிட எவ்வளவோ சுவையானது. அதைப் பேசத்தான் இந்த இழை, ஆனால் முதலில் இந்தக் கதையை ஓரம் கட்டியாக வேண்டும்.

பாபிலோன்காரர்கள் குடித்தது பார்லி பியர். அவர்கள் மன்னன் ஹமுராபியின் சட்டத்தில் கள்ளுக்கடை நடத்தும் பெண்களுக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. பரிசப்பணம், சீதனம், கட்டினவளைத் தள்ளிவைத்தால் என்ன கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் விலாவாரியாக வருகிறது. மாப்பிள்ளைக்கு மாதம் முழுக்கத் தேன்மது என்று ஒரு வரி கிடையாது. அதைவிடப் பெரிய இடி, தேனே அங்கே அரிது. அந்த ஊரில் இனிப்பு என்றால் பேரீச்சம்பழப் பாகுதான், தேனையும் பாகையும் ஒரே பெயரில்தான் அழைத்தார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூப்ரடீஸ் கரையில் சூகு என்ற பகுதியை ஆண்ட ஷமாஷ்-ரேஷ்-உசுர் என்பவர் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார். மலைநாட்டிலிருந்து தேனீக்களைக் கொண்டுவந்து என் தோட்டத்தில் குடியேற்றினேன், என் முன்னோர் யாரும் இதைப் பார்த்ததில்லை என்று அதில் பெருமையடித்துக்கொள்கிறார். ஹமுராபி காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்திய ஓர் ஆளுநருக்கே தேனீ வளர்ப்பு கல்லில் வெட்டி வைக்கும் சாதனையாக இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒவ்வொரு மாமனாரும் மாதக்கணக்கில் தேன்மது ஊற்றினார் என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

அப்புறம் தேன்நிலவு, அதாவது ‘ஹனிமூன்’ என்ற அந்தப் பெயர். ஆங்கிலத்தில் அது எழுத்தில் தென்படுவது 1546இல், ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழி நூலில். 1552இல் ரிச்சர்ட் ஹுலோயட்டின் அகராதி அதற்கு விளக்கமே கொடுத்துவிட்டது: புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் ஆரம்பத்தில் அளவில்லாத ஆசையோடு இருப்பார்கள், அப்புறம் அது தணியும், அந்த ஆரம்ப காலத்துக்குச் சாதாரண ஜனங்கள் வைத்த பெயர் இது. மது பற்றி மூச்சே இல்லை.

தேன்மதுவைக் கல்யாணத்தில் நிஜமாகப் பார்த்தவர்கள், படித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பாலாமணி

நெருப்பில்லாமல் புகையாது நண்பரே. பாபிலோன் தப்பாக இருக்கட்டும், வைக்கிங் ஆட்கள் கல்யாணமானதும் ஒரு மாதம் தேன்மது குடித்தார்கள் என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். சீக்கிரம் ஆண்பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கையாம். அதையும் கதை என்று தள்ளிவிடுவீர்களா?

பேர்கன் தம்பி

நான் இருப்பது நோர்வேயில், அதனால் இதற்கு ஒரு பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கலியாணமான புதிய நாட்களுக்கு இங்கே வழங்குகிற பெயரில் தேனும் இல்லை, நிலாவும் இல்லை. “கோதுமை ரொட்டி நாட்கள்” என்றுதான் சொல்வார்கள், டென்மார்க்கிலும் அதேதான். இந்தக் குளிரில் விளைந்தது பார்லியும் ஓட்ஸும், அன்றாடம் தின்றதும் அந்தக் கரடுமுரடான ரொட்டிதான், வெள்ளைக் கோதுமை ரொட்டி பெருநாள் சாப்பாடு. சுவீடன்காரர் கொஞ்சும் மாதம் என்கிறார்கள். வைக்கிங்குகளின் சொந்தப் பேரப்பிள்ளைகளே அந்த நாட்களைத் தேன்மதுவோடு சேர்த்து நினைவு வைக்கவில்லை என்றால் அந்த ஒரு மாத வழக்கம் எங்கே இருந்தது?

ஆனால் கலியாண விருந்தில் தேன்மது இருந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். பழைய நோர்ஸ் மொழியில் கலியாணத்தைக் “குடிப்பார்கள்”, நடத்துவதற்கே அந்த வினைதான். தோர் கடவுளின் சம்மட்டியைத் திரிம் என்ற அரக்கன் திருடிவிட்டு, ஃப்ரேயா தேவியைக் கட்டிக்கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்கிற பழம்பாடல் ஒன்று இருக்கிறது. தோரே மணப்பெண் வேஷம் போட்டு முக்காட்டோடு போய் பந்தியில் உட்காருகிறார். உட்கார்ந்தவர் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீனையும், பெண்களுக்கென்று எடுத்து வைத்த பலகாரத்தையும் தின்று முடித்து, அதற்கு மேல் மூன்று பீப்பாய் தேன்மதுவும் குடிக்கிறார். இப்படித் தின்று குடிக்கும் மணப்பெண்ணை நான் கண்டதில்லையே என்று அரக்கன் திகைக்க, உன்னைப் பார்க்கும் ஆசையில் எட்டு இரவாக அவள் ஒன்றும் தொடவில்லை என்று கூட வந்த லோகி சமாளிக்கிறான். பெண்ணை ஆசீர்வதிக்கச் சம்மட்டியைக் கொண்டுவந்து மடியில் வைக்கிறார்கள், அதோடு அரக்கர் கூட்டம் முடிந்தது. விருந்தில் மணப்பெண் கையிலும் தேன்மது இருப்பது அந்தப் பாட்டுக் கேட்டவர்களுக்கு வினோதமாகப் படவில்லை, அளவுதான் வினோதம். கவனியுங்கள், இது விருந்து. அதன் பிறகு ஒரு மாதம் குடிப்பது பற்றி இதில் ஒன்றும் இல்லை.

குழித்துறை தேனீ

பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறவன் என்ற முறையில் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒயின் அளவுக்கு, அதாவது 12 சதவீதம் ஆல்கஹால் வரும்படி ஒரு லிட்டர் தேன்மது செய்ய, கால் கிலோவுக்குக் குறையாமல் தேன் வேண்டும். புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கு அரை லிட்டர் வீதம் 30 நாள் குடித்தால் 30 லிட்டர், ஏழரை கிலோ தேன். இன்றைக்குப் பெட்டியில் அடையை வெளியே எடுத்து, சுற்றித் தேனை இறக்கிவிட்டு, அதே அடையைத் திரும்ப வைக்கிறோம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் வைக்கோல் கூடை, தேன் எடுக்க வேண்டுமானால் பெரும்பாலும் கந்தகப் புகை போட்டு ஈக்களைக் கொன்றுவிட்டுத்தான் அடையை அறுத்தார்கள். ஒரு ஜோடி ஒரு மாதம் குடிக்க ஒரு தேனீக் கூட்டத்தையே அழிக்க வேண்டும். ஏழைக் குடியானவன் வீட்டில் இது நடக்கவே நடக்காது.

இன்னொன்று, தேன் தானாக மதுவாகாது. நல்ல முதிர்ந்த தேனில் தண்ணீர் 17, 18 சதவீதம்தான், அந்த இனிப்பில் ஈஸ்ட் பிழைக்காது. தண்ணீர் ஊற்றினால்தான் பொங்கும். எங்கள் பக்கம் ரப்பர் தளிர் விடும்போது வருகிற தேனில் ஈரம் அதிகம், அவசரப்பட்டு அடை மூடாமல் எடுத்துவிட்டால் கொஞ்ச நாளில் பாட்டிலுக்குள் நுரை கட்டும், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தத்தோடு புளித்த வாசனை வரும். தேன்மதுவை மனிதன் கண்டுபிடித்தது இப்படி ஒரு நனைந்த அடையிலிருந்துதான் இருக்கும் என்று ஒவ்வொரு சீசனிலும் எனக்குத் தோன்றும்.

ஏட்டுச்சுவடி

அருமை அண்ணா, இந்தக் கணக்குத்தான் வேண்டியிருந்தது. உங்கள் கணக்குக்குப் பொருத்தமாக ஒன்று: வேல்ஸில் ஹைவெல் மன்னன் பெயரில் வழங்கும் சட்டங்களில், அரசனுக்குக் கட்ட வேண்டிய காணிக்கையில் ஒரு பெரிய தொட்டி தேன்மது வருகிறது. அது கிடைக்கவில்லையா, தேனும் தானியமும் கலந்து காய்ச்சிய மது இரண்டு தொட்டி. அதுவும் இல்லையா, வெறும் பியர் நாலு தொட்டி. ஒன்றுக்கு நாலு! அரண்மனையில் தேன்மது காய்ச்சுவதற்கென்றே பதவி வைத்திருந்தார்கள். இது மேட்டுக்குடி மது, சாதாரணன் வீட்டில் வருஷத்தில் ஏதோ ஒரு பெரிய நாளைக்குத்தான் வரும். அந்தப் பெரிய நாள் கல்யாணமாக இருந்திருக்கும் என்பது இயல்புதானே.

பாலாமணி, நெருப்பைப் பற்றிக் கேட்டீர்கள். புகை எப்படிக் கிளம்புகிறது என்பதற்கு அட்டிலாவைச் சொல்லலாம். ஹூணர் தலைவன் அட்டிலா 453இல் இல்டிகோ என்ற பெண்ணைக் கட்டிய இரவே செத்துப்போனான். கல்யாணத்தில் தேன்மது குடித்தே செத்தான் என்று மதுத் தளங்களில் எழுதுகிறார்கள். பழைய வரலாற்றாசிரியர் ஜோர்டானஸ் எழுதி வைத்திருப்பது ஒயின். போதையில் மல்லாந்து படுத்தவனுக்கு மூக்கில் ரத்தம் வந்து தொண்டையில் இறங்கி மூச்சடைத்தது என்கிறார். அதற்கு நாலு வருஷம் முன்னால், 449இல், அட்டிலாவைப் பார்க்கப் போன தூதுக்குழுவில் இருந்த பிரிஸ்கஸ், வழியில் கிராமத்தார் ஒயினுக்குப் பதிலாக ‘மெடோஸ்’ என்ற பானம் தந்ததாகக் குறித்திருக்கிறார், அதைத் தேன்மது என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். வழியில் குடித்ததையும் முதலிரவில் குடித்ததையும் யாரோ ஒட்டிவிட்டார்கள், இரண்டும் தனித்தனியே உண்மை என்பதால் ஒட்டு தெரிவதில்லை.

செல்வி மதுரை

தேன்மது ஊற்றும் கல்யாணத்தை நேரில் பார்த்தவர்கள் எழுதச் சொன்னீர்கள். அப்பா எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் நம்மூரிலிருந்து நிறையப் பேர் அங்கே பள்ளிக்கூட வேலைக்குப் போனார்கள். என் சின்ன வயது அங்கேதான். அவர்கள் தேன்மதுவுக்கு ‘தேஜ்’ என்று பெயர். அது இல்லாத பெரிய கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கல்யாணம் என்றால் தேஜ் வேலை சில வாரத்துக்கு முன்னாலேயே ஆரம்பமாகிவிடும். முதலில் பெரிய மண்பானையைக் கவிழ்த்து, உள்ளே புகை போடுவார்கள். அப்புறம் ஒரு பங்கு தேனுக்கு மூன்று நாலு பங்கு தண்ணீர். மெழுகும் செத்த ஈயும் மேலே மிதக்கிற அந்தத் தேன் தண்ணீரைத் துணி கட்டி விட்டுவிடுவார்கள், அதற்கு ‘பிர்ஸ்’ என்று பெயர், பிள்ளைகளுக்கு அது கிடைக்கும், லேசாக நாக்கில் சுறுசுறுவென்று இருக்கும். பெரியவர்களுக்கானதில் ‘கெஷோ’ என்ற செடியின் குச்சியையும் இலையையும் போட்டு ஊறவைப்பார்கள். கசப்பு அதிலிருந்துதான். அந்தக் கசப்பு இல்லாவிட்டால் திகட்டிவிடும் என்று அந்த வீட்டு அம்மா சொல்வார். கடைசியில் வடிகட்டினால் மஞ்சள் நிறத்தில், கலங்கலாக, பழுத்த மாம்பழச் சாற்றைத் தண்ணீர் விட்டது போல இருக்கும்.

குடிப்பது டம்ளரில் கிடையாது. ‘பெரெலே’ என்று ஒரு கண்ணாடிக் குடுவை, வயிறு உருண்டை, கழுத்து ஒடுக்கம். கழுத்தை விரல்களுக்கு நடுவில் பிடித்து, நிமிர்த்தித்தான் குடிக்க வேண்டும், மடக் மடக்கென்று குடிக்க முடியாது. பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளிடம் குடுவை காலியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது பெண் வீட்டுக்கு மானப் பிரச்சினை. சாப்பாடு குறைந்தால்கூடப் பேச்சு அடங்கிவிடும், தேஜ் தண்ணியாக இருந்தது என்று வந்துவிட்டால் வருஷக்கணக்கில் ஓடும். முன்காலத்தில் தேஜ் ராஜாவுக்கும் பிரபுக்களுக்கும் உரியது, ஜனங்களுக்குத் ‘தெல்லா’ என்ற தானிய பியர்தான். அதனால் கல்யாணத்தன்று தேஜ் ஊற்றுவது என்பது அன்றைக்கு ஒரு நாள் எங்கள் வீடும் அரண்மனை என்று சொல்வதற்குச் சமம். மாப்பிள்ளையும் பெண்ணும் குடிக்கிறார்களா என்று யாரும் பார்க்க மாட்டார்கள், மாமன்மாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

பெரிய நோன்பு நாட்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஜனவரியில் திம்கத் திருவிழா முடிந்ததும் தெருவுக்குத் தெரு பந்தல் எழும்பும். அந்த வாரங்களில் எங்கள் தெருவே தேன் வாசனையாக இருக்கும்.

பாலாமணி

செல்வி அக்கா, விருந்துக்கு வருகிற முஸ்லிம் குடும்பங்கள் என்ன செய்வார்கள்? அங்கே அவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்களே.

செல்வி மதுரை

அவர்களுக்குப் புளிக்காத பிர்ஸ். அதே தேன், அதே பெரெலே குடுவை. இறைச்சி மட்டும் அவர்களுக்கென்று தனியாக அறுத்துச் சமைத்து வைப்பார்கள்.

நைரோபிவாசி

செல்வி அக்கா சொன்ன “பெரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா” என்ற இடம்தான் முக்கியம். கென்யாவில் கிக்கூயு ஜனங்களிடம் ‘முராத்தினா’ என்று ஒரு மது இருக்கிறது. கரும்புச் சாற்றிலும் செய்வார்கள், தேனில் செய்தது உயர்த்தி. பாட்டில் சுரைக்காய் போல மரத்திலிருந்து தொங்குகிற ஒரு காயை வெட்டி, வெயிலில் காயவைத்துப் போடுகிறார்கள். நார் நாரான அந்தக் காயில்தான் ஈஸ்ட் தங்கியிருக்கிறது. ஒரு தடவை போட்டதை எடுத்துக் காயவைத்து அடுத்த தடவைக்கும் வைத்துக்கொள்வார்கள், வீட்டில் உறைமோர் வைத்திருப்பது மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மது கல்யாண நாளுக்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். பையன் வீட்டார் பெண் கேட்டு வரும்போது கையோடு கொண்டுவருவது அதைத்தான். பெரியவர்கள் உடனே எடுத்துக் குடித்துவிட முடியாது. பெண்ணைக் கூப்பிட்டு, இதை நாங்கள் குடிக்கலாமா என்று கேட்பார்கள். அவள் சரி என்றால்தான் குடி, சம்மதமில்லை என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இது பழைய முறை. அப்புறம் ஆடு மாடு பேசி முடிக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் மறுபடி மது. மசாய் மக்களிடமும் பெரியவர்களுக்குத் தேன்மது காய்ச்சாமல் கல்யாணம் நிறைவேறாது. காட்டில் கூடு வைத்துத் தேன் எடுக்கும் ஓகியெக் மக்களுக்குப் பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசத்திலேயே தேன் உண்டு.

ஏட்டுச்சுவடி

நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். இணையத்துக் கதையில் தேன்மது புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது, பிள்ளை பிறக்கக் குடிக்கும் மருந்து மாதிரி. நிஜமான வழக்கங்களில் அது இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் இருக்கிறது. பெண் கேட்க, சம்மதம் சொல்ல, பெரியவர்களைச் சாட்சியாக்க. தாம்பூலம் மாற்றினால் பேச்சு முடிந்தது என்று நாம் சொல்வதைப் போலத்தான் அங்கே அந்தக் குடுவை. அயர்லாந்திலும் இதன் சாயல் உண்டு. அரசன் பட்டமேற்பதையே நிலத்தோடு நடக்கும் கல்யாண விருந்து என்றார்கள். நிலத்தின் தேவதை பெண்ணாக வந்து அவனுக்கு மதுக்கிண்ணம் கொடுக்கும் கதைகள் இருக்கின்றன. கொன்னாக்ட் ராணி மேவின் பெயரே தேன்மது என்ற வேரிலிருந்து வந்தது என்பார்கள். அங்கேயும் கிண்ணத்தை நீட்டுவது ஒப்புக்கொள்வதன் அடையாளம்தான்.

கல்லூரி வாசல்

நம்ம பக்கம் இது உண்டா சார்? சங்க இலக்கியத்தில் தேன் கள் வருகிறதே.

ஏட்டுச்சுவடி

மது வருகிறது, கல்யாணத்தோடு சேர்ந்து வரவில்லை. திருமுருகாற்றுப்படையில் குன்றத்துச் சிறுகுடி மக்கள் நீண்ட மூங்கில் குழாயில் விளைந்த தேன் தேறலைச் சுற்றத்தோடு குடித்துத் தொண்டகப் பறைக்குக் குரவை ஆடுகிறார்கள். மலைபடுகடாத்திலும் மூங்கில் தேறல் உண்டு. கல்யாணத்தை விரிவாகச் சொல்லும் பாட்டு என்றால் அகநானூறு 86, 136. முதல் பாட்டில் உளுந்தம் களி, மணல் பரப்பிய பந்தல், பிள்ளை பெற்ற நாலு பெண்கள் பூவும் நெல்லும் இட்ட நீரால் மணமகளை நீராட்டுவது. அடுத்ததில் இறைச்சியும் நெய் மிதக்கும் வெண்சோறும். எதிலும் தேறல் இல்லை. அந்தக் கல்யாணங்களில் குடிக்கவே இல்லை என்று அதனால் ஆகிவிடாது, ஆனால் இருந்தது என்று சொல்ல நமக்குப் பாட்டு இல்லை.

வைதீக முறையில் மாப்பிள்ளை வந்து இறங்கியதும் பெண்ணைப் பெற்றவர் கொடுக்கும் மதுபர்க்கம் தயிரில் தேன் கலந்தது. தேன் கிடைக்காவிட்டால் நெய் சேர்க்கலாம் என்று ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம் விலக்குக் கொடுக்கிறது. ஆசிரியர், அரசர், மாமன் போன்ற மரியாதைக்குரியவர்கள் வந்தாலும் அதுதான். புளிக்கவைத்தது இல்லை, ஆனால் வருகிற மாப்பிள்ளையைத் தேன் கொடுத்து ஏற்றுக்கொள்வது என்ற அளவில் உறவு நெருக்கமானது.

வோல்கா வாசகன்

ரஷ்யப் பக்கத்தை விட்டுவிட்டீர்களே. 945இல் கீவ் அரசன் ஈகரை திரெவ்லியர்கள் என்ற ஸ்லாவிய இனத்தார் கொன்றுவிட்டு, அவன் மனைவி ஓல்காவை எங்கள் தலைவன் மாலுக்குக் கட்டிக்கொடுங்கள் என்று தூது அனுப்பினார்கள். அவள் ஒப்புக்கொண்டதுபோல் பேசி, என் புருஷன் செத்த ஊரில் நிறையத் தேன்மது தயாராக வையுங்கள், கருமாதி முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். கல்யாணப் பெண் வருகிறாள் என்று நம்பி அவர்களே தேன்மது காய்ச்சி வைத்துக் குடித்தார்கள். போதை ஏறியதும் அவள் ஆட்கள் வெட்டிச் சாய்த்தார்கள், 5000 பேர் என்று பழைய ரஷ்ய வரலாற்றேடு கணக்குச் சொல்கிறது. எண்ணிக்கை எப்படியோ, கருமாதிக்கும் கல்யாணத்துக்கும் ஒரே மது என்பது அந்தக் கதையின் அடித்தளம், அதனால்தான் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் ராஜகுமாரன் கல்யாணம் முடிந்ததும் கதை சொல்பவர் வழக்கமாகச் சேர்க்கும் வரியும் உண்டு: நானும் அங்கே இருந்தேன், தேன்மதுவும் பியரும் குடித்தேன், மீசையில் வழிந்தது, வாய்க்குள் போகவில்லை.

பாலாமணி

மீசையில் வழிந்த தேன்மது பிரமாதம். சரி, ஒரு மாதக் குடி ஆதாரமில்லாதது என்று ஏற்றுக்கொள்கிறேன், விருந்து மது என்றால் எனக்குச் சம்மதம். நைரோபிவாசி, அந்தப் பெண்ணைக் கேட்டுக் குடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறதா?

நைரோபிவாசி

பெண் பேசும் நிகழ்ச்சி இன்றைக்கும் வெகு விமரிசையாக நடக்கிறது, நகரத்தில் பந்தல் போட்டு, வீடியோ எடுத்து, சேலைக் கடை மாதிரி ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு. தேவாலயத்தில் தீவிரமாக இருக்கும் குடும்பங்கள் மதுவை நிறுத்திவிட்டன, சோடா பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மற்ற வீடுகளில் கிராமத்திலிருந்து யாராவது பாட்டனார் முராத்தினா காய்ச்சிக் கொண்டுவருவார், பிளாஸ்டிக் கேனில் வந்தாலும் ஊற்றும்போது மாட்டுக் கொம்பில் ஊற்றித்தான் மூத்தவர் கையில் கொடுக்கிறார்கள். நான் போயிருந்த வீடுகளில் சோடா வைத்தவர்களும் சரி, மது வைத்தவர்களும் சரி, பெண்ணைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்பதை விடவில்லை.